வட்டு எந்தப் பக்கம் சாயும்?

பிளாஸ்டிக் பறக்கும் தட்டைக் கடற்கரையில் வீசி விளையாடியவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். வலக்கைக்காரர் கையை மார்புக்குக் குறுக்கே மடக்கி வீசினால், எவ்வளவு நேராகக் குறிபார்த்தாலும் தட்டு கடைசியில் இடப்பக்கம் சரிந்துதான் தரைதொடும். அதே தட்டை அதே முறையில் இடக்கைக்காரர் வீசினால் வலப்பக்கம் சரியும். இலை அசையாத நாளிலும் இதுதான் நடக்கும். கொஞ்சம் பலசாலியிடம் தட்டைக் கொடுத்துப் பாருங்கள், புதிர் இன்னும் முற்றும். அவர் வலக்கையால் வீசிய தட்டு முதலில் வலப்பக்கம் விலகி, பிறகு மனம் மாறியதுபோல் இடப்பக்கம் திரும்பும். கையை விட்ட பிறகு தட்டைத் தொடுவது காற்று மட்டும்தான். அந்தக் காற்றுக்கு யார் வீசினார்கள் என்பது எப்படித் தெரிகிறது?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதையே அன்றாட வேலையாக வைத்திருப்பவர்கள் டிஸ்க் கோல்ஃப் ஆடுகிறவர்கள். அமெரிக்காவில் பிறந்து, ஃபின்லாந்து, சுவீடன், எஸ்டோனியா எனப் பரவிய ஆட்டம் அது. பந்துக்குப் பதிலாக வட்டு, குழிக்குப் பதிலாகச் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை. குறைந்த எறிகளில் வட்டைக் கூடைக்குள் சேர்ப்பவருக்கு வெற்றி. வாம்-ஓ நிறுவனத்தின் ஃபிரிஸ்பீ என்ற பறக்கும் தட்டை மேம்படுத்தி 1967இல் காப்புரிமை பெற்ற எட் ஹெட்ரிக், 1975இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் இதற்கான முதல் முறையான ஆடுகளத்தை அமைத்தார். அடுத்த ஆண்டு தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தையும் தொடங்கினார். 1983இல் விளிம்பு கூராகச் சரிக்கப்பட்ட ‘ஈகிள்’ என்ற வட்டை இன்னோவா நிறுவனம் கொண்டுவந்த பிறகு, ஆட்ட வட்டுகள் கடற்கரைத் தட்டின் சாயலை விட்டு விலகின. இன்று கூடைக்கு அருகிலிருந்து போட ‘புட்டர்’, வெகுதூரம் எறிய ‘டிரைவர்’, இரண்டுக்கும் நடுவே ‘மிட்ரேஞ்ச்’ என மூன்று குடும்பங்கள் உண்டு.

நம் கதைக்கு மிட்ரேஞ்ச் போதும். அதிலும் டிஸ்கிராஃப்ட் நிறுவனம் 2003இல் வெளியிட்ட ‘பஸ்ஸ்’ என்ற வட்டை எடுத்துக்கொள்வோம். வண்டின் ரீங்காரத்தைக் குறிக்கும் பெயர். குறுக்களவு 21.7 செ.மீ. வட்டின் குறுக்களவில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராமுக்கு மேல் எடை இருக்கக்கூடாது என்பது சங்கத்தின் விதி. ஆகவே இதன் உச்ச எடை ஏறத்தாழ 180 கிராம். நேராகப் போகும் வட்டு என்று பெயர் வாங்கியது. ஆட்டக்காரர்கள் இப்படிப்பட்டதை ‘ஸ்டேபிள்’ என்பார்கள். நிலையான வட்டு என்று நாம் சொல்லலாம். வலக்கைக்காரர் வீசும்போது இடப்பக்கம் ஓடத் துடிப்பது ‘ஓவர்ஸ்டேபிள்’. வலப்பக்கம் ஓடுவது ‘அண்டர்ஸ்டேபிள்’.

இந்த ஒரே வட்டை மூன்று வலக்கைக்காரர்களிடம் கொடுத்தால் மூன்று தீர்ப்புகள் வரும். புதிதாகப் பழகுகிறவர் மணிக்கு 65 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறார். வட்டு சிறிது தூரம் போய் இடப்பக்கம் சரிகிறது. “இது ஓவர்ஸ்டேபிள்” என்கிறார். சில ஆண்டுகளாக ஆடுகிறவர் 85 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறார். கோடு கிழித்ததுபோல் நேராகப் போய்க் கடைசியில் மட்டும் லேசாக இடப்பக்கம் சாய்கிறது. “நிலையானது, ஐயமே இல்லை” என்கிறார். போட்டிகளில் ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர் 105 கிலோமீட்டர் வேகத்தில் கிடைமட்டமாக விட்டால், அது வலப்பக்கம் விலகிக்கொண்டே போய், திரும்பி வர உயரம் போதாமல் அங்கேயே இறங்கிவிடுகிறது. அவருக்கு அது அண்டர்ஸ்டேபிள். மூவரும் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். மூவர் சொல்வதும் சரி.

எப்படி என்று பார்க்கும் முன், பலர் நம்பும் ஒரு தவறான விளக்கத்தை அப்புறப்படுத்த வேண்டும். வலக்கைக்காரர் வீசிய வட்டு, மேலிருந்து பார்த்தால், கடிகார முள் சுற்றும் திசையில் சுழல்கிறது. அதனால் அதன் இடப்பாதி காற்றை எதிர்த்து முன்னோக்கி வருகிறது, வலப்பாதி பின்னோக்கிப் போகிறது. இடப்பாதியில் காற்று வேகமாக மோதுவதால் அந்தப் பக்கம் அதிகம் தூக்கப்படும், சாய்வு அதனால்தான் வருகிறது என்பது அந்த விளக்கம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இது உண்மையென்றால் இடப்பக்கம் உயர்ந்து வட்டு எப்போதும் வலப்பக்கம் அல்லவா போக வேண்டும்? கடற்கரைத் தட்டே இதைப் பொய்யாக்குகிறது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜோனதன் பாட்ஸ், வில்லியம் குரோதர் இருவரும் ஃபிரிஸ்பீயை மோட்டாரில் பொருத்திச் சுழலவிட்டு, காற்றுச் சுரங்கத்தில் வைத்து விசைகளை அளந்தார்கள். 2002இல் வெளிவந்த அவர்களுடைய முடிவு தெளிவானது. வட்டைத் தாங்கும் தூக்கு விசையையும், பின்னிழுக்கும் இழுவையையும் சுழற்சி ஏறக்குறைய மாற்றுவதே இல்லை. பக்கவாட்டில் அது உண்டாக்கும் பாதிப்பும் சிறியது. அப்படியானால் பக்கவாட்டுச் சாய்வுக்கு வேர் பக்கவாட்டில் இல்லை. அது முன்னும் பின்னும் நடக்கும் ஒரு சண்டையில் இருக்கிறது.

காற்று வட்டின் மேல் எல்லா இடத்திலும் ஒரே அளவில் அழுத்துவதில்லை. ஆனாலும் அத்தனை அழுத்தங்களையும் கூட்டி, ஒரே புள்ளியில் ஒரே விசை செயல்படுவதாகக் கணக்கிடலாம். அந்தப் புள்ளியை அழுத்த மையம் என்போம். வட்டின் எடை நடுப்புள்ளியில் இறங்குகிறது. அழுத்த மையம் நடுவுக்கு முன்னால் இருந்தால் காற்று வட்டின் முன்விளிம்பைத் தூக்கப் பார்க்கும். பின்னால் இருந்தால் பின்விளிம்பைத் தூக்கும், முன்விளிம்பு தாழப் பார்க்கும். சுழலாத தட்டை வீசினால் இந்தத் தூக்கலிலேயே குப்புறப் புரண்டு விழுந்துவிடும். வேண்டுமானால் சுழற்றாமல் வீசிப் பாருங்கள், வெகுதூரம் போகாது.

சுழலும்போது கதை வேறு. பம்பரம் விட்டவர்களுக்கு இது புதிதல்ல. சாய்ந்தபடி சுற்றும் பம்பரத்தைப் புவியீர்ப்பு கீழே இழுக்கிறது. ஆனாலும் அது பொத்தென்று விழாமல், தலையை வட்டமாக ஆட்டிக்கொண்டே நிற்கிறது. கீழ்நோக்கி இழுத்தால் பக்கவாட்டில் நகர்கிறது. சுழலும் பொருளைத் திருப்ப முயன்றால், அதன் விளைவு சுழற்சித் திசையில் கால் சுற்று தள்ளித் தோன்றும் என்பது இயற்பியல் விதி. இந்த நகர்வுக்கு அச்சலைவு என்று பெயர். வட்டுக்கும் இதே விதிதான். கடிகாரத் திசையில் சுழலும் வட்டின் முன்விளிம்பைக் காற்று தூக்கினால், விளைவு கால் சுற்று தள்ளி, வலவிளிம்பில் தெரியும். வலப்பக்கம் உயரும், இடப்பக்கம் தாழும், வட்டு இடப்பக்கம் போகும். பின்விளிம்பைத் தூக்கினால் எல்லாம் எதிர்ப்பதம், வட்டு வலப்பக்கம் போகும். இடக்கைக்காரரின் வட்டு எதிர்த்திசையில் சுழல்வதால் அவருக்கு இரண்டும் இடம் மாறிவிடுகின்றன.

ஆக, வலமா இடமா என்ற கேள்வி, அழுத்த மையம் பின்னாலா முன்னாலா என்ற கேள்வியாக மாறிவிட்டது. அதைத் தீர்மானிப்பது தாக்கு கோணம். வட்டின் தளத்துக்கும், எதிரே வரும் காற்றின் திசைக்கும் இடையிலுள்ள கோணம்தான் அது. கோணம் சிறியதாக இருக்கும்போது அழுத்த மையம் நடுவுக்குப் பின்னால் இருக்கிறது. கோணம் கூடக்கூட அது முன்னோக்கி நகர்கிறது. குறிப்பிட்ட ஒரு கோணத்தில் சரியாக நடுவில் வந்து நிற்கும். அங்கே முன்னும் பின்னும் சமம், வட்டுக்கு எந்தப் பக்கமும் சாய வேண்டிய கட்டாயம் இல்லை. இதைச் சமன் கோணம் என்று அழைக்கலாம். சாதாரண ஃபிரிஸ்பீக்கு அது 9, 10 பாகையை ஒட்டி இருப்பதாக அளவீடுகள் காட்டுகின்றன. கோல்ஃப் வட்டுகளில் விளிம்பின் வடிவத்துக்கு ஏற்ப இது மாறுகிறது. வட்டு வடிவமைப்பாளர்கள் விளிம்பின் உயரத்தைக் கொஞ்சம் கூட்டுவதும், அடிவிளிம்பில் மெல்லிய வளையம் சேர்ப்பதும், மேல்முதுகைத் தட்டையாக்குவதும் இந்தச் சமன் கோணத்தை இங்கும் அங்கும் நகர்த்தத்தான். சமன் கோணம் தாழ்ந்த வட்டு ஓவர்ஸ்டேபிள், உயர்ந்தது அண்டர்ஸ்டேபிள்.

இதுவரை சொன்னதில் எறிகிறவர் வரவே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். சமன் கோணம் முழுக்க முழுக்க வட்டின் குணம். எறிகிறவர் கொண்டுவருவது இன்னொன்றை: வட்டு உண்மையில் எந்தக் கோணத்தில் பறக்கப்போகிறது என்பதை.

வட்டு காற்றில் நிற்க வேண்டுமானால் தூக்கு விசை அதன் எடையை ஈடுகட்ட வேண்டும். தூக்கு விசை இரண்டு வழிகளில் கிடைக்கும், வேகத்தால் அல்லது கோணத்தால். வேகத்துக்கு இங்கே பெரிய செல்வாக்கு உண்டு. வேகம் பாதியானால் தூக்கு விசை பாதியாவதில்லை, கால்வாசியாகிவிடுகிறது. நம் மூவரில் தொழில்முறை ஆட்டக்காரரின் 105 கிலோமீட்டரையும் புதியவரின் 65 கிலோமீட்டரையும் ஒப்பிட்டால், ஒரே கோணத்தில் முன்னவரின் வட்டுக்கு இரண்டரை மடங்குக்கும் அதிகமான தூக்கு கிடைக்கிறது. அவருடைய 180 கிராம் வட்டு மிகச் சிறிய கோணத்திலேயே தன் எடையைத் தாங்கிவிடும். சிறிய கோணம் என்றால் அழுத்த மையம் பின்னால், அதனால் வலப்பக்கம். புதியவரின் வட்டுக்குத் தூக்கு போதவில்லை. அது இறங்கத் தொடங்குகிறது. இறங்கும்போது அதன் தளம் மாறுவதில்லை, சுழற்சி அதைப் பிடித்து வைத்திருக்கிறது. பாதை மட்டும் கீழ்நோக்கி வளைகிறது. பாதை கீழே வளைந்து தளம் அப்படியே நின்றால், காற்று இப்போது கீழிருந்து மோதும். தாக்கு கோணம் பெரிதாகிறது, சமன் கோணத்தைத் தாண்டுகிறது, அழுத்த மையம் முன்னே வருகிறது, வட்டு இடப்பக்கம் சாய்கிறது. நடுவிலிருப்பவரின் 85 கிலோமீட்டர் வேகத்தில் வட்டு சமன் கோணத்தை ஒட்டியே வெகுநேரம் பறக்கிறது. நேர்கோடு அவருக்கு அப்படித்தான் கிடைக்கிறது.

தொழில்முறை ஆட்டக்காரரின் வட்டும் காற்றின் இழுவையால் வேகம் இழக்கும். அப்போது, திரும்பி வர உயரம் இருந்தால், அதுவும் இதே பாதையில்தான் வரும்: கோணம் கூடும், சமன் தாண்டும், இடப்பக்கம் திரும்பும். முதலில் வலம், பிறகு இடம் என்று பாம்பு நெளிவதுபோன்ற வளைவு அதனால்தான் வருகிறது. முதல் விலகலை ‘டர்ன்’ என்றும் கடைசிச் சாய்வை ‘ஃபேட்’ என்றும் ஆட்டக்காரர்கள் சொல்கிறார்கள். சுழற்சி தளர்வதால்தான் கடைசியில் சாய்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். வட்டு பறக்கும் சில விநாடிகளில் சுழற்சி குறைவது சொற்பமே. முன்னேறும் வேகம்தான் மளமளவென்று குறைகிறது.

புதியவரின் தொல்லை வேகத்தோடு முடிவதில்லை. பழகாத கையில் வட்டின் முன்விளிம்பு சற்றே மேல்நோக்கியபடி வெளியேறும். சமன் கோணமே சில பாகைகள்தான் எனும்போது, ஓரிரு பாகை உயர்வு கூட வட்டைத் தொடக்கத்திலேயே இடப்பக்கத்து ஆட்சிக்குள் தள்ளிவிடும். என் கணிப்பில், “எனக்கு எந்த வட்டும் நேராகப் போவதில்லை” என்று புலம்புகிறவர்களில் பலருக்குத் தேவை வேறு வட்டு அல்ல, முன்விளிம்பைத் தாழ்த்தி விடும் பழக்கம்.

இப்போது சுழற்சிக்கு வருவோம். தூக்கு விசையை அது மாற்றாது என்றேன். ஆனால் சாய்வு எவ்வளவு விரைவாக நடக்கும் என்பதைத் தீர்மானிப்பது அதுதான். வேகமாகச் சுற்றும் பம்பரம் தலையை நிதானமாக ஆட்டும், தளரும்போது வேகவேகமாக ஆட்டும் அல்லவா? நல்ல ஆட்டக்காரர்களின் வட்டு நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுகளைத் தாண்டும். அதே வேகத்தில் எறிந்தும் மணிக்கட்டால் அதிகம் சுழற்றத் தெரிந்தவரின் வட்டு, வலப்பக்கமும் மெதுவாகவே சாயும், இடப்பக்கமும் மெதுவாகவே சாயும். ஆகவே ஒரே வேகம் கொண்ட இருவருக்குக்கூட ஒரே வட்டு ஒரே மாதிரி பறக்க வேண்டும் என்பதில்லை.

வட்டு கையை விடும்போது தள்ளாடினால் அதுவும் கணக்கைக் கெடுக்கும். இந்தத் தள்ளாட்டத்துக்கு இயற்பியலில் புகழ்பெற்ற ஒரு கதை உண்டு. கார்னெல் பல்கலைக்கழக உணவகத்தில் யாரோ மேலே தூக்கிப்போட்ட சாப்பாட்டுத் தட்டு தள்ளாடியபடி சுழல்வதைப் பார்த்த ரிச்சர்ட் ஃபெய்ன்மன், தள்ளாட்டத்துக்கும் சுழற்சிக்கும் உள்ள உறவைக் கணக்கிட உட்கார்ந்தார். மெல்லிய தட்டு ஒரு முறை சுழல்வதற்குள் இரண்டு முறை தள்ளாடும் என்பது விடை. கோல்ஃப் வட்டும் ஏறக்குறைய அப்படித்தான். ஒவ்வொரு தள்ளாட்டத்திலும் தாக்கு கோணம் ஏறி இறங்குகிறது, இழுவை கூடுகிறது, வேகம் வீணாகிறது.

இதெல்லாம் தாளில் போட்ட கணக்கு மட்டும்தானா? இல்லை. கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் சாரா ஹம்மல் 2003இல் முடித்த முதுநிலை ஆய்வில், பறக்கும் ஃபிரிஸ்பீயை அதிவேகக் காமிராக்களில் பதிவுசெய்து, அதன் பாதையைக் கணினி உருவகத்தோடு பொருத்தி விசைகளைப் பின்னோக்கிக் கண்டறிந்தார். ரால்ஃப் லோரன்ஸ் இன்னொரு வழியில் போனார். சனிக்கோளின் டைட்டன் நிலவில் 2005 ஜனவரியில் சுழன்றபடி இறங்கிய ஹைகன்ஸ் ஆய்வுக்கலத்தில் பணியாற்றிய கோளியல் அறிஞர் அவர். சுழன்று இறங்கும் பொருள்கள் மீது கொண்ட ஆர்வத்தில், முடுக்கத்தை அளக்கும் சிறு கருவிகளை ஃபிரிஸ்பீக்குள் ஒட்டிப் பறக்கவிட்டார். காற்றுச் சுரங்கத்தில் வட்டு கட்டப்பட்டிருக்கும். லோரன்ஸின் வட்டு சுதந்திரமாகப் பறந்தபடியே தன் நிலையைச் சொன்னது. இன்று ஆட்டக்காரர்களே வாங்கிக்கொள்ளும்படி, உணரி பொதிந்த வட்டுகள் வந்துவிட்டன. வலையை நோக்கி எறிந்தால் வேகம், சுழற்சி, முன்விளிம்புக் கோணம், தள்ளாட்டம் எல்லாம் கைபேசியில் எண்களாக வருகின்றன.

கருவியே வேண்டாத சோதனைகளும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தவை அவைதான். எதிர்காற்று வீசும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். நம் 85 கிலோமீட்டர்க்காரர், 20 கிலோமீட்டர் எதிர்காற்றில் எறிந்தால் வட்டு உணரும் காற்று வேகம் 105. அதாவது தொழில்முறை ஆட்டக்காரரின் வேகம். நம் விளக்கம் சரியென்றால் அவருடைய ‘நிலையான’ வட்டு இப்போது வலப்பக்கம் விலக வேண்டும். அப்படியே விலகுகிறது, எதிர்காற்றில் ஓவர்ஸ்டேபிள் வட்டை எடு என்பது ஆட்டக்காரர்களின் பாலபாடம். பின்காற்றில் இதற்கு நேர்மாறு.

இன்னொரு சோதனை மலையில் கிடைக்கிறது. கொலராடோவின் டென்வர் நகரம் கடல்மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. மெல்லிய காற்றில் எடையைத் தாங்க வட்டுக்குப் பெரிய தாக்கு கோணம் தேவை, ஆகவே அது இடப்பக்கம் அதிகம் சாய வேண்டும். கலிஃபோர்னியாக் கடற்கரையிலிருந்து போய் அங்கே ஆடுகிறவர்கள் சொல்வதும் இதையேதான்: தங்கள் வட்டுகள் எல்லாம் ஒரு படி ஓவர்ஸ்டேபிள் ஆகிவிட்டன என்கிறார்கள். வட்டும் கையும் மாறவில்லை, காற்று மாறியது. ஒரே விளக்கம் மூன்று வெவ்வேறு இடங்களில் சரியாக வரும்போதுதான் அதை நம்பத் தோன்றுகிறது.

எடையும் இதே கணக்கில் அடங்கும். 180 கிராமுக்குப் பதிலாக 150 கிராம் வட்டு என்றால் குறைந்த கோணமே போதும். அதனால் மெதுவாக எறிகிறவருக்கும் அது வலப்பக்கத்துக்கு நெருங்கிப் பறக்கும். புதியவர்களுக்கு லேசான வட்டைச் சிபாரிசு செய்வதற்கு இதுதான் இயற்பியல் நியாயம். மரங்களில் மோதி மோதிப் பழசான வட்டும் மெல்ல மெல்ல வலப்பக்கம் நகர்கிறது. விளிம்பு தேய்ந்து வடிவம் மாறுவதுதான் காரணம். இன்னோவாவின் ‘ராக்’ 1987இல் வந்த பழைய மிட்ரேஞ்ச். புதியது ஒன்று, பாதி தேய்ந்தது ஒன்று, நன்றாக அடிபட்டது ஒன்று என ஒரே ராக்கை மூன்று வேலைகளுக்குப் பையில் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். தொழில்முறை ஆட்டக்காரரும் பஸ்ஸைத் தூக்கி எறிந்துவிடுவதில்லை. இடவிளிம்பைத் தாழ்த்தி விடுகிறார். வலப்பக்கம் சாயும் இயல்பு அந்தத் தாழ்வை நிமிர்த்தி, வட்டு கிடைமட்டமாகி நேராக ஓடுகிறது. ‘ஹைசர் ஃபிளிப்’ என்று இதற்குப் பெயர்.

கடைசியாக, வட்டின் மேல் அச்சிட்டிருக்கும் எண்கள். இன்னோவா வழக்கப்படுத்திய முறையில் நான்கு எண்கள்: வேகம், மிதப்பு, டர்ன், ஃபேட். பஸ்ஸுக்கு 5, 4, -1, 1 என்று போட்டிருக்கும். முதலில் ஒரு சிறு வல விலகல், முடிவில் ஒரு சிறு இடச் சாய்வு என்று பொருள். வலக்கைக்காரரின் புறங்கை வீச்சை, அதாவது கையை மார்புக்குக் குறுக்கே மடக்கி வீசுவதை, வைத்துச் சொல்லப்படும் கணக்கு இது என்று விளக்குகிறார்கள். எத்தனை கிலோமீட்டர் வேகத்தில், நிமிடத்துக்கு எத்தனை சுழற்சியில் என்பது மட்டும் வட்டின் மேல் இல்லை. அது இல்லாத -1க்குப் பொருள் பாதிதான். இந்த எண்களைத் தருவது அந்தந்த நிறுவனமே. ஒரு நிறுவனத்தின் -1 இன்னொன்றின் -1க்குச் சமம் என்று சொல்ல முடியாது. எறிவேகத்தை யாரும் அளக்க முடியாத காலத்தில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். இப்போது அளக்கும் வட்டே கடையில் கிடைக்கிறது. எண்கள் எந்த வேகத்துக்கு, எந்தச் சுழற்சிக்கு உரியவை என்பதையும் நிறுவனங்கள் சேர்த்தே அச்சிட வேண்டும். அதுவரை, யாராவது ஒரு வட்டை நேராகப் போகும் என்றோ போகாது என்றோ சொன்னால், அவர் எவ்வளவு வேகமாக எறிவார் என்று முதலில் கேளுங்கள்.